டைப்பிஸ்ட் அக்காவின் எண்ணூறு கோப்புகள்

ஆற்று நீர் அளவு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தட்டச்சு வேலையை விட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. அந்த அலுவலகத்து ஆறுகளின் அளவையெல்லாம் வாங்கிச் சேர்த்துவைக்கும் புரோகிராமை எழுதியவளே அவள்தான். ஆனாலும் ஒட்டிய பெயர் ஒட்டியதுதான்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஆற்றங்கரைகளில் அளவு பார்ப்பவர்கள் அனுப்பும் தாள்களை அட்டவணையாகத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பயிற்சிக்கு அனுப்பிய இரண்டு பேரும் பயிற்சி முடிந்த கையோடு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன தடிப் புத்தகம் மட்டும் அலமாரியில் கிடந்தது. அக்கா அதைத் தினமும் சாப்பாட்டு வேளையில் ஒரு கையில் டிபன் டப்பாவும் மறு கையில் பென்சிலுமாகப் படித்தாள். புரியாத இடத்தில் ஒரு கோடு, புரிந்ததும் அந்தக் கோட்டின் மேல் ஒரு குறுக்குக் கோடு. ஒன்றரை வருடத்தில் புத்தகம் முழுக்கக் குறுக்குக் கோடாகிவிட்டது.

அவள் எழுதிய புரோகிராம் எளிமையானது. அளவு பார்க்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோப்பு. ஓர் இடத்திலிருந்து முதல் அளவு வந்ததும் அதன் கோப்பைத் திறக்கும். அடுத்த அளவை உடனே எழுத வசதியாக, திறந்தபடியே வைத்துக்கொள்ளும். அன்றைக்கு இருந்தவை இருநூற்று நாற்பது இடங்கள். அதற்குப் பின் தானாகவே அளவெடுத்து அனுப்பும் கருவிகளை ஆற்றோரமெல்லாம் நட்டார்கள். கூடிக் கூடி ஆயிரத்து நானூறு ஆயிற்று. கோடையில் பாதிக் கருவிகள் பேசாது என்பதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அந்த வருடம் மழை எல்லாப் பக்கமும் சேர்ந்தாற்போல் பிடித்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஆயிரத்து நானூறு இடங்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. புரோகிராம் நின்றது. திரையில் ஒரு வரி: 'திறந்த கோப்புகள் அளவுக்கு மீறிவிட்டன.' அக்கா திரும்ப ஓட்டினாள். இருபது நிமிடத்தில் திரும்ப நின்றது.

காரணம் அவளுக்கு உடனே பிடிபட்டது. ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் ஆயிரத்து இருபத்து நான்கு கோப்புகளுக்கு மேல் திறந்து வைத்திருக்க அந்த மிஷின் அனுமதிக்காது. அவளுடைய புரோகிராமுக்குத் திறக்கத்தான் தெரியும், மூடத் தெரியாது. அதை மூடச் சொல்லி அவள் எழுதவே இல்லை.

மிஷின் ரூம்காரரிடம் போய் வரம்பைக் கூட்டித் தரச் சொன்னாள்.

"அக்கா, இது இன்னும் அஞ்சு ஆபீசுக்கும் பொதுவான மிஷின். உங்களுக்குக் கூட்டிக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் வரிசைல வந்து நிப்பாங்க. மேல இருந்து லெட்டர் வரணும். லெட்டர் வர்றதுக்குள்ள மழையே நின்னுடும்."

அதிகாரியின் அறையில் ஏற்கனவே ஒரு கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். புதிய மென்பொருள் விற்பவர். சட்டை மடிப்பு கலையாமல், குரலும் கலையாமல், "இந்தப் பழசை எத்தனை நாளைக்கு சார் ஒட்டுப் போட்டு ஓட்டுவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே வந்ததும் அவர் நிறுத்தவில்லை. அவளும் கேட்காதது போலவே நின்றாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "ஒரு வாரம் தர்றேன்மா. அதுக்குள்ள சரியா ஓடணும்."

முதலில் அவள் சுலபமான வழியைப் பார்த்தாள். ஒவ்வோர் அளவுக்கும் கோப்பைத் திற, எழுது, மூடு. நிற்காமல் ஓடியது, ஆனால் நொண்டிக்கொண்டு ஓடியது. திறப்பதிலும் மூடுவதிலுமே நேரம் போய், மத்தியானத்துக்குள் நாற்பது நிமிடம் பின்தங்கிவிட்டது. ஆறு கரையைத் தொட்ட பிறகு, தொடப்போகிறது என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

இரண்டாம் நாள் வேறு வழியை எடுத்தாள். எண்ணூறு கோப்புகளை மட்டும் திறந்து வைப்பது. எந்தக் கோப்பை எப்போது கேட்டார்கள் என்று ஒரு பட்டியல். இடம் இல்லாதபோது புதிதாக ஒன்று வந்தால், எதை வெகுநேரமாக யாரும் கேட்கவில்லையோ அதை மூடிவிட்டுப் புதியதைத் திறப்பது. அடிக்கடி கேட்பதை இப்படிக் கையருகே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குக் கம்ப்யூட்டர் பாஷையில் கேஷ் என்று பெயர்.

"ஒரு கேஷ் வெச்சா சரியாயிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கொஞ்சம் உரக்கக் கேட்டுவிட்டது போலும். பக்கத்து மேசைக் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா நிமிர்ந்தார்.

"எவ்வளவு கேஷ் அக்கா? மொதல்ல பில்லு வேணும், சொல்லிட்டேன்."

வீட்டில் இதைச் சொன்னபோது கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் பேருந்து ஓட்டுநர். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. சாயங்காலம் வந்ததும் முதுகுக்கு வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தரையில்தான் உட்காருவார்.

"எறங்கினவன் சீட்டுல அடுத்தவன் உக்காருவான். இதைக் கண்டுபிடிக்க உனக்கு ரெண்டு நாளா?"

"இங்க யாரும் தானா எறங்க மாட்டாங்க. நான்தான் பாத்து எழுப்பி விடணும்."

"அப்படி நான் எழுப்பி விட்டா டெப்போவுல என்னை எழுப்பி விட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டு, வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் புரோகிராம் ஓடியது. ஆயிரத்து நானூறு இடமும் பேச, ஒரு நிமிடம்கூடப் பின்தங்கவில்லை. கம்பெனிக்காரர் ஃபோன் செய்வது குறைந்தது. அதிகாரி போகிற போக்கில் "பரவால்லியே!" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்தால் மற்றவர்கள் வாயிலிருந்து பத்துப் பாராட்டு வந்த மாதிரி. அக்கா அன்றைக்குக் கால் தரையில் பாவாமல் வீட்டுக்குப் போனாள்.

பதினோரு நாள் கழித்து, மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒரு ஃபோன் வந்தது. மலையடிவாரத்து ஆறு ஒன்றில், கருவி நடாத இடத்தில், படிக்கட்டில் வரைந்த கோட்டைப் பார்த்து அளவு சொல்பவர். தினமும் மூன்று வேளை ஃபோனில் எண்ணை அமுக்கிச் சொல்வார். அன்றன்றைய அட்டவணை அவருடைய ஃபோனுக்குப் போகும், சரிபார்ப்பதற்காக.

"அம்மா, எங்க ஆத்துல ஆறு மீட்டர் தண்ணின்னு போட்டிருக்கீங்களே?"

"நீங்க சொன்னதைத்தானே ஐயா எழுதுது. தப்பா அமுக்கிட்டீங்களா பாருங்க."

"நான் படிக்கட்டுல நின்னுக்கிட்டுதான் பேசறேன். ஒரு மீட்டர்கூட முழுசா இல்ல. என் செருப்புகூட நனையலம்மா. நான் மத்தியானம் ஒரு தடவைதான் சொன்னேன். இங்க ஏழு வரி கூடுதலா இருக்கு. அந்த ஏழும் யாரு சொன்னது?"

அக்கா கோப்பைத் திறந்து பார்த்தாள். ஏழு வரிகள், ஐந்து நிமிட இடைவெளியில். இவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்பவரில்லை. அது கருவியின் கணக்கு. எந்தக் கருவி என்று தேடினாள். கீழே, ஆறு திரும்பும் வளைவில், மரப் பட்டறைகள் இருக்கும் இடத்துக் கருவி. அதன் கோப்பில் சரியாக அதே முப்பத்தைந்து நிமிடம் வெறுமையாகக் கிடந்தது.

அரை மணி நேரம் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்ததும் விளங்கிவிட்டது. புரோகிராம் எட்டுக் கை வைத்து வேலை செய்வது போல, எட்டு இடங்களை ஒரே நேரத்தில் கவனிக்கும். லைன் மோசமான சில இடங்கள், ஒருமுறை இணைந்தால் விடாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அனுப்பும். ஆனால் கோப்பை முதலில் கேட்டு எடுத்த நேரம்தான் பட்டியலில் ஏறும், அதில் எழுதும் நேரம் ஏறாது. ஒரு கை அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு கை பட்டியலைப் பார்த்து, 'இதை வெகுநேரமாக யாரும் கேட்கவில்லை' என்று மூடிவிட்டது. திறந்த ஒவ்வொரு கோப்புக்கும் மிஷின் ஓர் எண் கொடுக்கும்; மூடியதன் எண்ணை அடுத்துத் திறந்த கோப்புக்குக் கொடுத்துவிட்டது. முதல் கைக்கு அது தெரியாது. அதே எண்ணில் எழுதிக்கொண்டே போனது, வேறொருவர் கோப்பில்.

தண்ணீர் ஐந்தரை மீட்டரைத் தாண்டி மூன்று அளவு வந்தால், அந்த வளைவுக்கு எச்சரிக்கை போக வேண்டும். அன்றைக்கு அது முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகப் போயிருந்தது. உள்ளூர் ஆட்கள் கண்ணால் பார்த்து ஜனங்களை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு தச்சுப் பட்டறைக்குள் மட்டும் தண்ணீர் புகுந்தது என்று சற்றுமுன் அங்கிருந்து வந்த தகவலில் ஒரு வரி இருந்தது.

அக்கா தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இதை அவளைத் தவிர ஒரு ஜீவனாலும் கண்டுபிடிக்க முடியாது. ஏழு வரியை அங்கிருந்து எடுத்து இங்கே வைத்தால் முடிந்தது. கம்பெனிக்காரர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகும். இவ்வளவையும் யோசித்தாள். யோசித்துக்கொண்டே எழுந்து அதிகாரியின் கதவைத் தட்டினாள்.

அவர் முழுதும் கேட்டார். முகம் சிவந்தது.

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்புறம் எதுக்கும்மா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஏழு வரின்னு நான் பாத்தது ஒரு இடத்துல சார். இன்னும் எத்தனை இடத்துல கலந்திருக்கோ. இந்த நிமிஷமும் கலந்துக்கிட்டு இருக்கலாம். எச்சரிக்கையை இப்போதைக்கு ஆள் வெச்சுப் பாத்து அனுப்பச் சொல்லுங்க. இதை நம்பாதீங்க."

அவர் உடனே மூன்று பேரை அதற்குப் போட்டார். பிறகு, "நடந்ததை எழுத்துல குடுங்க. மெமோ வரும், தெரியும்ல?" என்றார். தெரியும் என்று தலையாட்டினாள்.

அடுத்த ஒன்பது நாளும் அவளுக்கு இரண்டு வேலை. காலையில் பழைய பிழைகளைத் தேடுவது. கருவிகள் தம்மிடம் ஒரு பிரதி வைத்திருக்கும், அதோடு ஒப்பிட்டாள். ஆள் சொல்லும் இடங்களுக்கு ஒவ்வொன்றாக ஃபோன் போட்டு, அவரவர் நோட்டில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பத்தொன்பது கோப்புகளில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் இடம் மாறியிருந்தன. மலையடிவாரத்துக்காரர், "நான் சொன்னப்போ நம்பினீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் நோட்டை எடுத்தார். "மன்னிச்சிடுங்க ஐயா" என்றாள். "சரி சரி, எழுதிக்குங்க" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் புரோகிராம். ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் ஓர் எண்ணை வைத்தாள்: இப்போது எத்தனை கைகள் இதைப் பிடித்திருக்கின்றன? ஒரு கை எடுக்கும்போது ஒன்று கூடும், விடும்போது ஒன்று குறையும். பூஜ்யம் ஆகாத கோப்பை எவ்வளவு இடநெருக்கடியானாலும் மூடக் கூடாது. எல்லாமே யாராவது பிடித்திருந்தால், புதிதாக வந்தது காத்திருக்கட்டும்.

இந்தத் தடவை அவள் அதன் ஓட்டத்தைப் பார்த்து மயங்கவில்லை. தனி மிஷினில் எண்ணூறை மூன்றாகக் குறைத்தாள். மூன்றே மூன்று கோப்புக்குத்தான் இடம்; அதில் ஆயிரத்து நானூறு இடங்களின் அளவையும் ஒரு நாள் முழுக்கக் கொட்டினாள். எட்டுக் கைகள் மூன்று கோப்புக்கு அடித்துக்கொண்டன. ஆமை வேகம்தான். ஆனால் சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது ஒரு வரிகூட இடம் மாறவில்லை. பழைய புரோகிராமையும் அதே மூன்றில் ஓட்டினாள். கால் மணியில் குப்பையாகக் குழப்பியது. முன்பே இப்படிச் செய்திருந்தால் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

மெமோ வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. கம்பெனிக்காரர் அதே நாளில் வந்து அதிகாரியிடம், "நான்தான் சொன்னேனே சார்" என்றார். அதிகாரி, "உங்களோடதை மூணு கோப்புல ஒரு நாள் ஓட்டிக் காட்டுங்க, பாக்கலாம்" என்றாராம். மிஷின் ரூம்காரர் மாடியேறி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, கணவரையும் கூட்டிக்கொண்டு அவள் ஆற்று வளைவுக்குப் போனாள். தச்சுப் பட்டறையின் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. தச்சர் ஒரு கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே, தான் யார், என்ன நடந்தது என்று சொன்னாள்.

தச்சர் இழைப்பதை நிறுத்தினார். "முப்பத்தஞ்சு நிமிஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா பாதிப் பலகையை மேல ஏத்தியிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். "நானும் என் பொண்டாட்டியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சா இருபது நிமிஷம்."

கணவர் அவளுடைய பையை வாங்கிக்கொண்டார்.

தச்சர் ஒரு முக்காலியைக் காலால் தள்ளி, "உக்காருங்க" என்றார். "இப்ப சரியாயிடுச்சா?"

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சரி பண்ணிட்டேன். இனிமே தப்பே வராதுன்னு சொல்ல மாட்டேன்."

"அது சரி, கதவுக்கே அப்படிச் சொல்ல முடியாது." அவர் சிரித்த மாதிரி இருந்தது. பிறகுதான் தெரிந்தது, எச்சரிக்கைச் செய்தி போகும் பட்டியலில் அவர் எண்ணே இல்லை. பக்கத்துக் கடைக்காரர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அக்கா அங்கேயே எழுதிக்கொண்டாள். மனைவியின் எண்ணையும் கேட்டு வாங்கினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்த வளைவுக்கு இன்னொரு தடவை எச்சரிக்கை போனது. பகல் பதினொன்றே காலுக்கு. பதினொன்று இருபதுக்கு அக்காவின் மேசை ஃபோன் அடித்தது. பின்னால் மரம் உரசும் சத்தம், மூச்சிரைப்பு.

"வந்துடுச்சும்மா. ஏத்திக்கிட்டு இருக்கோம். அப்புறம் பேசறேன்" என்று தச்சர் வைத்துவிட்டார்.