பத்து விநாடி இரைச்சல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்னைத் தேடி வருகிறவர்களுக்கு என் உடம்பு மட்டுந்தான் கிடைக்கும். அது கொழும்பில், வெள்ளவத்தையில், நாலாம் மாடியில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காது வெளியே போயிருக்கும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கியோடு சேர்த்துக் கட்டிய அன்டெனாவில் ஏறி, களனி, கொலன்னாவை, கொட்டாஞ்சேனை என்று அலைந்துகொண்டிருக்கும்.

அது எங்கள் அமெச்சூர் வானொலிக் கழகம் ஆள் கூப்பிடுகிற நேரம். பாட்டும் செய்தியும் போடுகிற வானொலி இல்லை இது. பரீட்சை எழுதி உரிமம் வாங்கிய சாதாரண ஆட்கள் வீட்டிலிருந்து ஒருவரோடொருவர் கதைக்கிற வானொலி. யுத்த காலத்தில் எங்கள் ஒழுங்கையில் உடுப்புக் காயப்போடும் கம்பியைக்கூடப் பொலிஸ்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவார். அது முடிந்த பிறகு, ஒரு டியூஷன் வகுப்பின் மாடியில், பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் இடிக்க ஏழு பேர் உட்கார்ந்து தொடங்கினோம். இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே கழகத்துக்கு ஓர் அறை இருக்கிறது. வெள்ளம் வந்தபோது எந்த ஒழுங்கைக்குப் படகு வேண்டும் என்று கொலன்னாவைக் கணித ரீச்சர் தன் வீட்டு மாடியிலிருந்து சொல்லிக்கொண்டேயிருந்தது அந்த அறைக்குத்தான். மற்ற நாட்களில் அங்கே தேநீரும் மீன் அடைத்த மாலுபாணும் சண்டையும்.

ஆள் கூப்பிடுவது என் நண்பரின் வேலையாக இருந்தது. கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். அவரும் நானும் ஒரே நாளில் பரீட்சை எழுதினோம். கப்பல் சங்குக்குப் போட்டியான குரல். எங்கள் ஒவ்வொருவருக்கும் எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஓர் அழைப்புக்குறி உண்டு, அதுதான் வானொலியில் பெயர். குறிகள் எழுதிய தடித்த கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டுப் பத்து விநாடி காத்திருப்பார்.

“மீன் கழுவிறவன் கையைத் துடைச்சுப்போட்டு ஓடி வர வேணும் ஐசே. பத்து விநாடி குடுக்காட்டி அவன் என்னெண்டு வாறது?”

அந்தப் பத்து விநாடியும் கருவியில் வெறும் இரைச்சல்தான், தகரத்தில் மழை விழுவது போல. யாராவது தன் பட்டனை அழுத்தினால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே அந்த மழை நின்றுவிடும். அதனால் அவரிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. அழுத்தினால் குறியைச் சொல்ல வேண்டும். சும்மா அழுத்திவிட்டுப் போகிறவர்களை அவர் விட்டதே இல்லை.

“ஆரது, பெல் அடிச்சுப்போட்டு ஓடுறது?”

பிறகு அவருடைய தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் வைத்த துளையால் மூச்சு விட்டார். கொப்பி என்னிடம் வந்தது. பார்க்கப் போனவர்களை அவர் பார்க்கவில்லை. போனில் எழுதியவர்களுக்குப் பதில் எழுதவுமில்லை. நான் ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய குறியைக் கூப்பிட்டேன். பத்து விநாடி மழை. அடுத்த பெயர்.

ஒருநாள் அவருடைய மனைவி போன் எடுத்தார்.

“தம்பி, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் அவரைக் கூப்பிடேக்க மட்டும் எழும்பி பல்கனிக்குப் போயிடுறார். மற்றதெல்லாம் இருந்து கேக்கிறார்.”

“அப்ப கூப்பிடுறதை நிப்பாட்டட்டோ அக்கா?”

“எனக்குத் தெரியேல்லைத் தம்பி.”

களனியில் இருக்கும் எங்கள் மூத்த உறுப்பினரிடம் கேட்டேன். சிங்களவர், கப்பலில் வானொலி அதிகாரியாக இருந்தவர், எங்களோடு பழகிப் பழகித் தனக்கென்று ஒரு தமிழ் வைத்திருக்கிறார், தம்பிக்கு மட்டும் சிங்களத்து ‘மல்லி’தான். “மல்லி, பதில் சொல்றது அவர் வேலை. கூப்பிடுறது உன் வேலை. நீ ஏன் ரெண்டு வேலையும் செய்றது?”

கூப்பிட்டேன். அந்த ஞாயிறு, ஆறாவது விநாடியில் மழை நின்றது. குரல் வரவில்லை. மறுபடி மழை. எத்தனை வருடப் பழக்கம், என் வாய் தானாகத் திறந்தது.

“ஆரது, பெல் அடிச்சுப்போட்டு ஓடுறது?”

அடுத்த பெயரைக் கூப்பிடும்போதுதான், யாரிடம் அதைச் சொன்னேன் என்று உறைத்தது.

பின்னேரம் அவருடைய மனைவி கதைத்தார். “இண்டைக்குப் பல்கனிக்குப் போகேல்லைத் தம்பி. மைக்கைக் கையில எடுத்தவர். பிறகு வச்சிட்டார்.” அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருக்கலாம்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பார்த்துவிட்டார் என்று நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. அந்தக் கிழமை முழுக்க என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. காலி வீதியில் நடந்தேன், ரயில் பாதையோரம் நடந்தேன், கடல் வரை போய்த் திரும்பினேன். அவருடைய வார்த்தையாலேயே அவருடைய வாசலை நான் சாத்தியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவருடைய குறியைக் கூப்பிட்டேன். பத்து விநாடி போனது. பதினைந்து. இருபது. அவர் சட்டப்படி நான் அடுத்த ஆளுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மீன் கழுவுகிற கை எவ்வளவு நேரமும் எடுக்கட்டும்.

மழை நின்றது.

இம்முறை அவர் பட்டனை விடவில்லை. திறந்த மைக்கில் கொட்டாஞ்சேனை வந்தது. தேவாலய மணி, திரும்புகிற ஓட்டோ ஒன்று, காகங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், என் காதுக்குள்ளேயே என்பது போல, மூச்சு. துளை வழியே போய்வரும் ஈரமான மூச்சு. பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல்: “விட்டிடாதேங்கோ. கேக்கட்டும்.”

அவர் பட்டனை விட்டதும் அவருக்காக அவருடைய குறியை நான் சொன்னேன். எப்படிக் கேட்டது என்பதையும் கேட்டவர் சொல்ல வேண்டும், அது வழக்கம். தெளிவுக்கு அதிகபட்சம் ஐந்து புள்ளி, பலத்துக்கு ஒன்பது. எனக்கு ஒருநாளும் தெளிவுக்கு நாலுக்கு மேல் தராத மனிதர் அவர்.

“தெளிவு ஐந்து, பலம் ஒன்பது,” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் குரல்தான் மூன்றுக்கு இறங்கியிருந்தது.

அடுத்தது களனி. மழை நின்றது, ஆனால் கப்பல்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தோட்டத்துக் குயில் இரண்டு தரம் கூவி முடித்த பிறகுதான் குறியைச் சொன்னார். கொலன்னாவையில் ரீச்சர் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். திருவும் சத்தத்தை அப்படியே திறந்து வைத்தார். கடைசியில் என் முறை வந்தது. தலைக்கு மேலே ஃபான் சுற்ற, பட்டனை அழுத்தி, மைக்கைக் கடல் பக்க ஜன்னலை நோக்கி நீட்டிப் பிடித்தேன்.

கொப்பியை மூடும்போது போனில் ஒரு வரி வந்து விழுந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் எனக்கு எழுதிய முதல் வரி.

“ஐசே, அடுத்த கிழமை உம்மட ஃபானை நிப்பாட்டிப்போட்டு வாரும். கடல் கேக்கேல்லை.”