அண்ணனும் நாலு நண்டும்

என் அண்ணன் தனபாலன் முஸ்லிம் ஆன வருசத்தில்தான் மலாயா நாட்டுக்கும் சுதந்திரம் கிடைத்தது. நாட்டின் பாடு தேவலை. அண்ணனுக்கு அந்த வருசம் யாரையும் கேட்காமல் ஒரு வாய் சோறு தின்னக்கூடச் சுதந்திரம் இல்லை. இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரித்தான். யாரிடமும் கேட்காமல் அவன் செய்த ஒரே காரியம் அந்தச் சிரிப்புதான்.

எங்கள் வீடு காஜா பெராங்கில் இருந்தது. அப்பா போன பிறகு அம்மா சாரதாம்பாள், அண்ணன், தங்கச்சி நான் என்று மூன்றே பேர். அண்ணன் பஸ் கண்டக்டர். மலாக்கா டவுனிலிருந்து தெங்கேரா வழியாகப் புக்கிட் ரம்பாய் போகிற பஸ் அவனுடையது. அவன் மதம் மாறினான் என்று தெரிந்ததும் எங்கள் தெருவே ஒரு பெண்ணைத் தேட ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமி அக்கா தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கிற செட்டி வம்சம். பெயர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். பொண்ணு யார், மலாய்க்காரியா, மாமாக் என்கிற தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண்ணா என்று அம்மாவிடமே கேட்டுவிட்டார். பெண்ணும் இல்லை, மண்ணும் இல்லை. தெங்கேரா பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஒருநாள் உள்ளே போய்விட்டான். அங்கே நின்றால் மனசு அடங்குகிறது என்று சொன்னான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன் என்பதால் அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

மதத்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை. கஷ்டம் எல்லாம் புத்திமதியால் வந்தது. ஒரு ஆள் மதம் மாறினால் போதும், ஊரில் பாதிப்பேர் வாத்தியார் ஆகிவிடுகிறார்கள். அதிலும் அண்ணன் பஸ் கண்டக்டர். வாத்தியார்கள் எல்லாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து ஏறினார்கள்.

அவர்களில் பெரியவர்கள் இரண்டு பேர். ஒருவர் துணிக்கடை மைதீன் ராவுத்தர். அண்ணனுக்குக் கலிமா சொல்லிக் கொடுத்து, கடைக்குப் பின்னால் தங்க ஓர் அறையும் கொடுத்தவர். இன்னொருவர் தெங்கேராவில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் லெபாய் யூசோப். இருவரும் நல்லவர்கள். ஆனால் ராவுத்தர் ஹனஃபி, லெபாய் ஷாஃபி; மார்க்கம் ஒன்று, சட்டம் பார்க்கிற வழி வேறு. இதில் என்ன வித்தியாசம் என்று யாரும் அண்ணனை உட்கார வைத்துச் சொல்லவில்லை. ராவுத்தர் தமிழில் சொன்னதையும் லெபாய் மலாயில் சொன்னதையும் கேட்டு, மொழிதான் வேறு, விஷயம் ஒன்று என்று நினைத்துக்கொண்டான். ஒருநாள் விடியற்காலைத் தொழுகையில் லெபாயின் ஆட்கள் எல்லாரும் கை ஏந்தி நிற்க, இவன் மட்டும் ராவுத்தர் சொல்லிக் கொடுத்தபடி தரையில் நெற்றி வைத்துக் கிடந்தானாம். எழுந்து பார்த்தால் சுற்றிலும் கால்கள். இதை அவனே சொல்லி, அவனே விழுந்து விழுந்து சிரித்தான்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா இருந்த காலத்தில் குருபோங் தோட்டத்து ஆட்கள் எங்களுக்குக் காட்டுப்பன்றிக் கறி கொடுத்தனுப்புவார்கள். அந்தச் சட்டியில் சமைத்ததைத் தின்னாதே என்றார் ஒருவர். கழுவினால் போதும் என்றார் இன்னொருவர். ஏழு தரம் கழுவு என்றார் பின்சீட்டுக்காரர். அண்ணன் எல்லாருக்கும் தலையாட்டினான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க வரும்போது கண்டக்டர் பையில் சொந்தமாக ஒரு கிளாஸ் கொண்டுவந்தான். வழியில் வாங்கிய சோடாவை அதில் ஊற்றிக் குடித்துவிட்டு, கழுவித் திரும்பப் பைக்குள் வைத்துக்கொள்வான். அம்மா அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அதைப் பிடுங்கிச் சாக்கடையில் வீச வேண்டும்போல் இருக்கும்.

மெர்டேக்கா, சுதந்திர நாள், ஒரு சனிக்கிழமையில் வந்தது. பஸ்ஸுக்கெல்லாம் கொடி கட்டினார்கள். மறுநாள் ஞாயிறு, அண்ணன் வீட்டில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று அம்மா முடிவெடுத்தாள். புதுச் சட்டி வாங்கினாள், புது அகப்பை வாங்கினாள். கோழி ஆடு என்றால் யார் அறுத்தது, எப்படி அறுத்தது என்று கேள்வி வரும். மீன் அவனுக்கு ஆகாது. சின்ன வயதில் தொண்டையில் முள் சிக்கி உயிர் போய் வந்ததிலிருந்து அவன் மீன் இருக்கிற பக்கம் வரமாட்டான். காய்கறியை அவன் சாப்பாடு என்றே ஒத்துக்கொள்வதில்லை. அம்மா யோசித்து யோசித்து நண்டைக் கண்டுபிடித்தாள். நண்டை யாரும் அறுப்பதில்லை, அதன் மேல் யாரும் எதுவும் ஓதுவதில்லை. அண்ணனுக்கோ நண்டு என்றால் உயிர். புக்கிட் ரம்பாய் சதுப்பிலிருந்து பிடித்துவந்த நாலு நண்டை, கைகால் கட்டியபடி வாளியில் கொண்டுவந்து இறக்கினாள். ஆய்ந்து கொடுக்கப் போகிறவள் நான்தான் என்பதால் எனக்கும் எல்லாம் தெரிந்தது.

சேதி கேட்டு அண்ணன் துள்ளிக் குதித்தான். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சந்தோசத்தில் ராவுத்தரிடம் போய்ச் சொன்னான். தண்ணீரில் இருப்பதில் மீனைத் தவிர வேறெதுவும் நமக்கு ஆகாது, நண்டு மீன் இல்லை என்றார் ராவுத்தர். பதறிப்போய் லெபாயிடம் ஓடினான். கடல் நண்டு தாராளமாகத் தின்னலாம், ஆனால் தண்ணியிலும் தரையிலும் வாழ்கிற நண்டு கூடாது என்றார் லெபாய். பஸ்ஸில் வந்த உஸ்தாஸ் ஒருவர், மார்க்கம் படித்துக்கொடுக்கிற இளவயதுக்காரர், எல்லா நண்டும் தின்னலாம், இதையெல்லாம் பெரிசுபண்ணாதே என்றார். மூன்று பேர், மூன்று நண்டு.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்கு வந்தான். வாளியிலிருந்து ஒரு நண்டை எடுத்துக் கால்கட்டை அவிழ்த்துச் சிமெண்டுத் தரையில் விட்டுவிட்டு எதிரில் குந்தி உட்கார்ந்தான். அது தரையிலும் வாழ்கிற ஜாதியா என்று பரீட்சை. நண்டு ஜம்மென்று நடந்தது. அடுப்படிக்குப் போனது, கட்டிலுக்கடியில் போனது, என் காலைப் பார்த்து வந்தது. விளக்கு வைத்த பிறகும் அது சாகவில்லை. அது சாகாமல் இருக்க இருக்க அண்ணன் முகம் செத்துப்போனது. அம்மா அடுப்படி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தாள்.

மறுநாள் காலை அம்மா நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, நண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு தெங்கேரா ரோட்டுக்கு நடந்தாள். ஞாயிறு காலை பஸ்ஸில் ராவுத்தர் துணிமூட்டையோடு புக்கிட் ரம்பாய்க்கு வியாபாரத்துக்குப் போவார், லெபாயும் ஓதிக் கொடுக்க அங்கேதான் போவார் என்பது அண்ணன் சொல்லி அவளுக்குத் தெரியும். ஏறினோம். இருவரும் இருந்தார்கள், அந்த உஸ்தாஸும் இருந்தார். எங்களைப் பார்த்த அண்ணன் விசில் ஊத மறந்து நின்றான்.

அம்மா வாளியை நடுப்பாதையில் வைத்து மூடியைத் திறந்தாள். தமிழில் ஒரு தரம், சந்தையில் பேசுகிற பசார் மலாயில் ஒரு தரம் கேட்டாள், இதை என் பிள்ளை தின்னலாமா கூடாதா என்று. அவ்வளவுதான். ராவுத்தர் கூடாது என்றார். லெபாய் குனிந்து நண்டைப் பார்த்து இது எங்கே பிடித்தது என்றார். உஸ்தாஸ் இரண்டு பேருக்கும் பதில் சொன்னார். முன்சீட்டும் பின்சீட்டும் கட்சி பிரிந்தன. நண்டே தின்னாத ஒரு சீனக் கிழவர்கூட என்னவோ சொன்னார். டிரைவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அம்மா கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு மூடியை வாளியின் மேல் அடித்துச் சாத்தினாள்.

"நண்டு கெடக்கட்டும் பாய். மாசக்கணக்கா இவன் என் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கல. நீங்க எல்லாரும் ஒத்துக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அதை ஆக்கிப் போடறேன்."

ராவுத்தர் அண்ணனைப் பார்த்தார். "பெத்த தாய் வீட்டுல தண்ணி குடிக்காதேன்னு நானா சொன்னேன்?" என்று கேட்டார். லெபாயிடம் ஒருவர் அதை மலாயில் சொல்ல, அவரும் திகைத்துப்போய்ப் பலமாகத் தலையை ஆட்டினார், நான் சொல்லவில்லை என்று. உஸ்தாஸும் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தால் யாருமே சொல்லவில்லை. ஆளுக்கொரு தடை சொல்ல, எதையும் விட மனசில்லாமல் எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டது என் அண்ணன்தான். அவன் டிக்கெட் கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். அன்றுதான் முதல் தடவையாக எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. தப்புப் பண்ணிவிடக் கூடாது என்று எவ்வளவு பயந்திருக்கிறான் என்று தோன்றியது.

ராவுத்தரும் லெபாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த பஸ்ஸில் அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் முறை. "மீன்" என்றார் ஒருவர். "ஈக்கான்" என்று அதையே மலாயில் சொன்னார் மற்றவர்.

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அவனுக்கு மீனு ஆகாது பாய். முள்ளு சிக்கிக்கும்" என்றாள், ஏழு வயதுப் பையனைப் பற்றிச் சொல்வதுபோல.

அண்ணன் தலை நிமிர்ந்தான். "திம்பேன்மா" என்றான்.

நாங்கள் பசாருக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல மீனெல்லாம் போய்விட்டது. மிச்சம் இருந்தது பாராங் மீன், உடம்பெல்லாம் முள். அம்மா புதுச் சட்டியில் குழம்பு வைத்தாள். மத்தியானம் அண்ணன் வந்து உட்கார்ந்து வாய்க்குள் பிஸ்மில்லா சொன்னான். அவன் சொல்லி முடிக்கும்வரை அம்மா காத்திருந்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, மீனை விரலால் பிய்த்துப் பிய்த்து, முள்ளைத் தடவித் தடவி எடுத்து, ஒவ்வொரு துண்டாக அவன் தட்டில் வைத்தாள். கல்யாண வயசு தாண்டிய ஆம்பிளை, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். நடுவில் ஒரு தரம் இருமினான். அம்மாவின் கை பாய்ந்து அவன் முதுகுக்குப் போனது. முள் இல்லை, மிளகாய் காரம். தண்ணி என்று கையை நீட்டினான். நான் செம்பைக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தான். பையில் கிளாஸ் இருந்தது அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

நண்டு எங்களுக்கு. மூன்றை நானே தின்றேன், தரையில் நடந்ததையும் சேர்த்து.

அதற்குப் பிறகு அம்மா இருந்த வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் மீன்தான், முள் எடுத்ததுதான். எந்த நண்டைத் தின்னலாம் என்று அண்ணன் பின்னால் பொறுமையாகப் படித்துத் தெரிந்துகொண்டான். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. மீன் அவனுக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை. அம்மா போன பிறகு அவன் மீன் தொட்டதில்லை.