நாக்கில் ஒட்டிய பீங்கான்

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை நடத்துகிறேன். கடலூரில் ஒரு சிறிய கடல் ஆய்வுப் படகைப் புதுப்பிக்க அரசு டெண்டர் விட்டபோது, மின்கம்பி தாங்கும் பீங்கான்களுக்கு நானும் போட்டியிட்டேன். பக்கத்துப் பட்டறை சேகர் என் மாதிரியையே தன்னுடையதாகக் காட்டி ஆர்டரைப் பறித்துக்கொண்டார்.

அவர் லாரியில் ஏற்றியதில் ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. அப்படி ஒட்டினால் சரியாக வேகாத பீங்கான்; உப்புநீரை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடும். வெள்ளோட்டத்தன்று அவர் மானம் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு, அதை வேடிக்கை பார்க்கவே கடலூர் போனேன்.

படகில் ஏறப்போன ஆய்வு மாணவி, "நீங்களும் வாங்களேன் அக்கா" என்று சிரித்தாள். அவள் கையை எட்டிப் பிடித்தேன்.

"ஏறாதம்மா! கரண்டு அடிச்சுடும்!" என்று கத்தினேன்.

சோதித்துக் கசிவைக் கண்ட படகு இன்ஜினியர், "தெரிஞ்சும் ஏங்க முன்னாடியே சொல்லல?" என்றார்.

சேகரின் ஆர்டர் ரத்தானது. இப்போதெல்லாம் யார் சரக்கில் குறை தெரிந்தாலும் அன்றே வாங்குபவருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். சேகரை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.