முதல் ஹாட்ரிக்கும் ஒரு மொட்டையும்

வொனோக்ரோமோ ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பேட்டையில் சும்மா முடி வெட்டிக்கொண்டு வீடு திரும்ப முடியாது. சுமர்லானின் நாற்காலியில் உட்கார்ந்தால், கழுத்தில் துணி கட்டும்போதே கேள்வி வந்துவிடும். "உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துல ஒரு கை இல்லாதவன் கோல் அடிச்சிருக்கான். யாரு, எந்த வருஷம்?" தெரியாது என்றால் முழுக் கதையையும் கேட்டாக வேண்டும். உருகுவேயின் காஸ்ட்ரோ, 1930 என்று சரியாகச் சொன்னாலும் விடமாட்டார். போனது எந்தக் கை, எத்தனையாவது கோல் என்று தொடரும். காதோரம் கத்தி இருக்கும்போது யார் எதிர்த்துப் பேசுவது?

பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு முடித்துக்கொண்டவர் சுமர்லான். தொழில் பழகிய சந்தைக் கடையில் வாடிக்கையாளர் புரட்டுவதற்காகப் பழைய விளையாட்டு வார இதழ்கள் குவிந்து கிடந்தன. ஈ ஓட்டிய நேரமெல்லாம் அவற்றை எழுத்துக் கூட்டிப் படித்தார். கடையை விட்டு வரும்போது கூலியோடு அந்தக் குவியலையும் கேட்டு வாங்கி ஒரு தகரப் பெட்டியில் பூட்டிக்கொண்டார். ஆடத்தான் வரவில்லை. பந்துக்கும் அவர் காலுக்கும் ஜென்மப் பகை. சுதந்திர தினத்தன்று எங்கள் ஆண்கள் பெண்டாட்டியின் நைட்டியை மாட்டிக்கொண்டு ஆடும் ஆட்டத்தில் ஒரு தடவை கோல் காக்க நின்றார். நைட்டி தடுக்கி விழுந்து, எழுந்திருப்பதற்குள் இரண்டு கோல் உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் வாயோடு சரி.

ஆனால் அந்த வாய் இருக்கிறதே. 1938இல், அப்போது நம்மை ஆண்ட டச்சுக்காரன் கொடியின் கீழ், பிரான்சில் உலகக் கோப்பை ஆடப் போன நம் தீவுகளின் அணியைப் பற்றி ஆரம்பித்தால் பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிடுவார். அணித் தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டே ஆடினார், ஹங்கேரி ஆறு கோல் அடித்தது, ஒரே ஆட்டத்தோடு கப்பல் ஏறித் திரும்பினார்கள். "தோத்தா என்ன? ஆசியாவிலேயே முதல்ல போனவன் நம்மாளு" என்பார். பிரான்சின் ஃபோன்தேன் இரவல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஒரே உலகக் கோப்பையில் பதின்மூன்று கோல் அடித்தது, லண்டனில் திருட்டுப் போன கோப்பையை ஒரு நாய் வேலியோரம் மோந்து கண்டுபிடித்தது, எல்லாம் அவர் வாயால் கேட்டால்தான் ருசி.

இதனால் பேட்டையில் கால்பந்துத் தகராறு எதுவானாலும் தீர்ப்பு சுமர்லானின் சலூனில்தான். தோற்பவன் மொட்டை போட்டுக்கொள்வதாகச் சபதம் செய்திருப்பான். எங்கள் ஊரில் சபதம் என்றால் மொட்டைதான், வேறு பேச்சில்லை. சுமர்லான் பெட்டியைத் திறப்பார், பக்கத்தைப் புரட்டுவார், விரலை வைத்துக் காட்டுவார். அடுத்த நிமிடம் மெஷின் ஓடும். நீதிபதியும் அவரே, தண்டனை கொடுப்பவரும் அவரே. அவர் தலையில் மட்டும் வாசனை எண்ணெய் பூசித் தூக்கி வாரிய முடி அடர்ந்து நிற்கும். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த நாற்காலியில்தான் 1998 ஜூன் மாதம் மச்சினன் குஸ்னான் வந்து உட்கார்ந்தான். மனைவி லஸ்த்ரியின் தம்பி. சரக்குக் கப்பலில் சமையல்காரன். தன் கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்தான். சனிக்கிழமை கல்யாணம், அன்றைக்குத் திங்கள். பிரான்சில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. முந்தின இரவு பாட்டிஸ்டுட்டா ஜமைக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்திருந்ததால் சலூன் முழுக்க ஹாட்ரிக் பேச்சு.

"உலகக் கோப்பையில முதல் ஹாட்ரிக் யாரு? சொல்லுங்க பாப்போம்" என்றார் சுமர்லான்.

"ஒரு அமெரிக்காக்காரன் மச்சான்" என்றான் குஸ்னான்.

சலூனே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அதே இரவில்தான் அமெரிக்கா ஈரானிடம் உதை வாங்கியிருந்தது.

"மாப்ளே, நீ கப்பல்ல வெங்காயம் உரிக்கிறதோட நிறுத்திக்க. அர்ஜென்டினாவோட ஸ்டாபிலே. 1930, மெக்சிகோவுக்கு எதிரா."

"இல்ல மச்சான். அங்க ஒரு துறைமுகத்துல ஒரு பெரியவர் சொன்னாரு. அவரு ஊர்க்காரன்தானாம். அன்னிக்கு நல்ல பனி, நான் குப்பை கொட்ட எறங்கினேன், அந்தப் பெரியவர்…"

"பெரியவர் பேரு என்ன?"

"கேக்கல."

"அடிச்சவன் பேரு?"

"அது… வாயில வரல. ஆனா சத்தியமா சொன்னாரு. தப்புன்னா மொட்டை போட்டுக்கறேன், போதுமா?"

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒருவன் இப்படிச் சொன்னால், கூடப் பிறந்தவளைக் கட்டியவர் காதில் விழாத மாதிரி இருந்திருக்க வேண்டும். சுமர்லான் பெட்டியைத் திறந்தார். அச்சில் தெளிவாக ஸ்டாபிலே என்றுதான் இருந்தது. லஸ்த்ரி செய்தி தெரிந்து ஓடி வருவதற்குள் பாதித் தலை போய்விட்டது. "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் சுமர்லான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கப்பல்ல போனவன் பூரா கதை விடுவான். அந்தப் பெரியவரே இவன் கட்டி விட்டவரு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். மறுபடியும் சிரிப்பு.

சனிக்கிழமை மாப்பிள்ளைத் தலைப்பாகை, பிடிக்க முடி இல்லாமல், நிக்காஹ் ஓதும்போது வழுக்கி மூக்கு வரை இறங்கியது. பெண் வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்றிலிருந்து பேட்டை குஸ்னானை 'அமெரிக்கா' என்றே கூப்பிட்டது. இரண்டு வருஷத்தில் கப்பல் வேலையை விட்டுவிட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ராவோன் என்னும் கறுப்பு மாட்டுக்கறிச் சூப்புக் கடை போட்டான். முடி வெட்ட அங்கேயே வேறு ஆளிடம் போனான். சுமர்லானோடு பேச்சில்லை. கடல் கதை சொல்வதையும் கொஞ்ச காலத்தில் அடியோடு நிறுத்திவிட்டான். நோன்புப் பெருநாளன்று மட்டும், எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கும் வரிசையில், இவர் கையைப் பிடித்து, "வெளியிலயும் உள்ளயும் செஞ்ச தப்பெல்லாம் மன்னிச்சிடுங்க" என்று மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுவான். இவரும் அதையே ஒப்பிப்பார். என்ன தப்பு என்று இருவரும் சொன்னதில்லை. சொல்வது வழக்கமும் இல்லை.

இப்படி ஒன்பது வருஷம் போனது. 2007 நோன்பில் ஒரு சாயங்காலம், நோன்பு திறக்கப் பொரித்த தெம்பே சோயாத் துண்டுகளும் வாழைப்பழ பஜ்ஜியும் வாங்கிவந்து, பள்ளிவாசல் முரசுக்காகக் காத்துக்கொண்டிருந்தார் சுமர்லான். பொட்டலம் கட்டிய காகிதம் எதுவானாலும் படித்துவிடுவது அவருக்கு வியாதி. எண்ணெய் ஊறிய அந்தத் தாள் போன நவம்பர் மாதத்துச் செய்தித்தாள். மூலையில் நாலு விரல் அகலச் செய்தி. 1930 உலகக் கோப்பையில் பராகுவேக்கு எதிராக மூன்று கோலையும் அடித்தவர் அமெரிக்காவின் பெர்ட் பேட்டனோட் என்று உலகக் கால்பந்து சம்மேளனம் அறிவித்திருக்கிறது. இத்தனை காலம் அதில் ஒன்று அவர் பெயரில் இல்லாமல் இருந்தது. ஸ்டாபிலே மூன்று அடித்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. ஆகவே முதல் ஹாட்ரிக் பேட்டனோட்டுடையது.

முரசு அடித்தது. தெம்பே ஆறிப்போனது. லஸ்த்ரி இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் இணையக் கடைக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் தேடித் தரச் சொன்னார். அவள் ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்டினாள். அதேதான். தாளை மடித்துத் தகரப் பெட்டியின் அடியில் வைத்தார். பெருநாளுக்கு முந்தின பத்து நாள்தான் முடிவெட்டுக்காரனுக்கு அறுவடை, தெரு முழுக்க வரிசை நிற்கும். அந்தப் பத்து நாளும் அவர் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சபதத்தில் தோற்ற ஒருவனை நாலு பேர் இழுத்து வந்தபோது, "போங்கடா, எனக்கு வேற வேலையில்லையா" என்று துரத்திவிட்டார். கிழவனுக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று பேட்டை பேசிக்கொண்டது.

பயம்தான். தாள் பெட்டிக்குள் இருக்கும் வரை யாருக்கும் தெரியப்போவதில்லை. குஸ்னான் அந்த மொட்டைக்கு அப்புறம் கால்பந்துப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. வெளியே எடுத்தால், முப்பது வருஷமாக விரல் வைத்துக் காட்டிய அத்தனை தீர்ப்பும் ஆட்டம் காணும். அந்த நாற்காலி இல்லாவிட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியவில்லை. எடுக்காவிட்டால், உண்மை சொன்ன ஒருத்தனைப் பொய்யன் என்று சிரித்தது மனசில் முள்ளாகவே கிடக்கும்.

கடைசியில் லஸ்த்ரியிடம் சொன்னார். அவள் பெருநாளுக்குக் கெத்துப்பாட் சோறு வேகவைக்க ஓலைக் கூடு பின்னிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஒம்பது வருஷமா என் தம்பி வீட்டுக்கு நான் தனியா போய் தனியா வர்றேன். கேக்கறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. இப்ப என்ன, உங்க முடி போயிருமேன்னு யோசனையா?"

"முடிக்காக இல்லடி. புஸ்தகத்துல அப்படித்தானே போட்டிருந்தான். நான் என்ன பண்ணுவேன்?"

"புஸ்தகம் தப்பு போட்டுச்சு, சரி. அவனைப் பாத்து சிரிக்கச் சொல்லி எந்தப் புஸ்தகத்துல போட்டிருந்தான்?"

சுமர்லான் எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார்.

பெருநாள் காலை. மாமனார் வீட்டில் முப்பது பேருக்குக் குறையாது. புதுச்சட்டை, அத்தர் வாசனை, கோழிக் குழம்பு. வரிசை நகர்ந்தது. குஸ்னான் வந்தான், கையைப் பிடித்தான், முகத்தைப் பார்க்காமல், "வெளியிலயும் உள்ளயும்…" என்று ஆரம்பித்தான். நகரப் பார்த்தான். சுமர்லான் கையை விடவில்லை.

"நான் பொதுவா கேக்கல மாப்ளே. ஒரு தப்புக்குத்தான் கேக்கறேன். முதல் ஹாட்ரிக் அமெரிக்காக்காரன்தான். நீ சொன்னதுதான் சரி. நான் உன்னை அநியாயமா மொட்டை அடிச்சேன்."

வரிசை நின்றுவிட்டது. சுமர்லான் சட்டைப் பையிலிருந்து எண்ணெய்த் தாளை எடுத்து நீட்டினார். ஓரமாக நின்ற பக்கத்து வீட்டு பைதி தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்போ 2002ல என்னை அடிச்சீங்களே, அது?" என்றார். "அதையும் பாப்போம், இருய்யா" என்றார் சுமர்லான், திரும்பாமலே.

குஸ்னான் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். உதடு அசைந்தது. "பேட்டனோட்" என்றான். "ஆமா, இப்படி ஏதோதான் சொன்னாரு. பேட்டனோட்." இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவன் முயலவில்லை.

சுமர்லான் மெஷினையும் கொண்டு வந்திருந்தார். துணியில் சுற்றிய அதை அவனிடம் கொடுத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அடி."

குஸ்னான் அந்த எண்ணெய் மினுக்கும் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஆசை இல்லாமல் இல்லை. அப்புறம் மெஷினைத் திருப்பி அவர் மடியிலேயே வைத்தான்.

"மொட்டை வேணாம் மச்சான். பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும், ரெண்டு மாசத்துல முளைச்சிரும். எனக்கு மொட்டை அடிச்சதுக்கா கோவம்? அந்தப் பெரியவரே இல்லன்னு சொன்னீங்கல்ல. அதுக்கப்புறம் நான் பாத்தது எதைச் சொன்னாலும் எவனும் நம்பல. என் பொண்டாட்டிகூட."

"தெரியும். தப்புதான்."

"அன்னிக்கு நான் ஆரம்பிச்ச கதையை முழுசா சொல்லணும். நீங்க உக்காந்து கேக்கணும். குறுக்க பேசக்கூடாது."

"சொல்லு."

குஸ்னான் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டியும் வந்து தூணில் சாய்ந்துகொண்டாள். பனி கொட்டுகிற துறைமுகம். மேல்கோட்டில் பித்தான் இல்லாத பெரியவர், கவிழ்த்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறார். குஸ்னான் குப்பை வாளியோடு இறங்குகிறான். கப்பல் மிச்சத்திலிருந்து ஒரு கிண்ணம் சூடான சூப் அவருக்குக் கொடுக்கிறான். அவர் அதைக் குடித்துவிட்டு, கொடுக்க வேறொன்றும் இல்லாமல், இந்தக் கதையைக் கொடுக்கிறார். பஞ்சாலைத் தெருவில் தன்னோடு பந்து உதைத்த பையன் உலகக் கோப்பைக்குப் போய் மூன்று கோல் அடித்த கதை. அவன் அடித்ததில் ஒன்றை எவன் பெயரிலோ எழுதிவிட்டார்கள், நாங்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்றாராம்.

குஸ்னானின் குரல் மெதுவாகச் சூடு பிடித்தது. கை பேச ஆரம்பித்தது. "அந்த உலகக் கோப்பை அர்ஜென்டினாவுல நடந்துச்சாம் மச்சான். இவங்க ஆடினது பிரேசிலை எதிர்த்து" என்றான்.

சுமர்லானின் வாய் திறந்தது. நடந்தது உருகுவேயில். எதிரணி பராகுவே. ஜூலை பதினேழு. மூன்றும் நாக்கு நுனியில் வந்து முட்டின. சமையல்கட்டு வாசலில் லஸ்த்ரி கரண்டியோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுமர்லான் எச்சிலை விழுங்கினார்.

"அப்படியா" என்றார். "அப்புறம் அந்தப் பெரியவர் என்ன சொன்னாரு?"