சலவை அறைப் பட்டியலில் நான் எழுதிய நாலு எழுத்து

கடந்த வருடம் ஜனவரி மாதம், மூன்றாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. ரொறன்ரோ நகர மத்தியில் உள்ள ஓர் ஆய்வு நூலகத்தில் இது நடந்தது. பழைய ஆவணங்களை ஸ்கான் செய்வது, பக்க ஒழுங்கைச் சரிபார்ப்பது, விபரத்தைப் பட்டியலில் ஏற்றுவது அங்கே என் வேலை. மணியை இவ்வளவு சரியாகச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பது வயதிலிருந்து ஒரு நாளும் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான்.

பெப்ரவரி, கறுப்பின வரலாற்று மாதம். அந்த முறை எங்கள் நூலகத்தின் கண்காட்சி சித்திரக்கதைகளைப் பற்றியது. கறுப்பினக் கலைஞர்கள் இந்த நகரத்தில் வரைந்து, தாங்களே பிரதி எடுத்து, கைமாற்றிக் கொடுத்த புத்தகங்கள். அவற்றின் நடுவே வைக்கத் தெரிவு செய்யப்பட்டவை, எண்பதுகளின் கடைசியில் நகரின் மேற்கே பார்க்டேலில் ஒரு பெண் வரைந்த ஏழு சிறு புத்தகங்கள். போட்டோகொப்பித் தாளை நடுவில் மடித்து இரண்டு ஸ்டேப்பிள் அடித்தவை.

கதாநாயகி, தலைத்துணியில் மூன்று முடிச்சுப் போட்ட ஒரு கறுப்பினப் பெண். அவள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதானால் மட்டும் அவளுக்குப் பறக்க வரும். லிஃப்ட் எப்போதும் பழுதுதான். ஆகவே எல்லோருடைய அரிசி மூட்டையும் தள்ளுவண்டியும் அவள் தோளில்தான். ஸ்கான் செய்யும்போதே சிரிப்பு வந்தது. ஆனால் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் கதை நின்றுவிடும். பாடப்புத்தகங்கள் சேர்த்துக்கொள்ளாத ஒருவரின் முழுப்பக்க ஓவியம் அங்கே இருக்கும். ரயிலில் மற்றவர்களின் பெட்டிகளைச் சுமந்த கறுப்பினத் தொழிலாளி ஒருவர். வேலைக்கு எடுக்கமாட்டோம் என்று சொன்ன வைத்தியசாலைக்குத் திரும்பத் திரும்ப விண்ணப்பித்த தாதி ஒருவர். அந்தப் பக்கங்களில் என் கை தானாக மெதுவானது.

அப்போதுதான் கண்காட்சிப் பொறுப்பாளர் பதாகையின் மாதிரியுடன் வந்தார். எட்டடி உயரம். பறக்கும் கதாநாயகி, அவள் காலடியில் நாலு தமிழ் எழுத்துகள்.

“இது உங்கள் மொழிதானே?” என்றார் ஆங்கிலத்தில். “எல்லா அட்டையிலும் இருக்கிறது. இதை அலங்காரக் குறி என்று பதிந்து வைத்திருந்தோம். போன வாரம் ஓவியரிடமே கேட்டேன். தமிழில் அவருடைய பெயராம்! ஒரு தமிழ் அயலவர் எழுதியதாம். வாசலில் இதைத்தான் தொங்கவிடப் போகிறோம்.”

நான் வாசித்தேன். கறுவல்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஈழத்தமிழர் வீட்டுக்குள் கறுப்பின மக்களைச் சுட்டும் சொல் அது. முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். அதில் மரியாதை இல்லை என்று எங்களுக்கே தெரியும் என்பதால்தான் சொல்லமாட்டோம்.

பொறுப்பாளரிடம் “ஓ, அழகாக இருக்கிறது” என்று ஏதோ உளறினேன். அவர் போனதும் மூன்றாவது புத்தகத்தைத் திறந்தேன். ஐந்தாம் பக்கம், கட்டடத்தின் அடித்தளத்தில் சலவை அறை. இரண்டு சலவை இயந்திரங்கள். சுவரில் ஒரு பட்டியல், அடிமட்டத்தால் கோடு போட்டு, தலைப்புக்குக் கீழே இரட்டைக் கோடு இழுத்தது. இன்றைக்கும் நான் அப்படித்தான் தலைப்புக்குக் கோடு இழுப்பேன்.

அது நாங்கள் வந்திறங்கிய கட்டடம். இரண்டு இயந்திரத்துக்கு அத்தனை குடும்பம் சண்டை போட்டதால் ஆளுக்கொரு மணித்தியாலம் என்று முறைப்பட்டியல் போட்டவள் நான். எங்கள் ஆட்களின் பெயர்கள் தெரியும். வியாழன் மூன்று மணிக்கு வரும் ஐந்தாம் மாடிப் பெண்ணின் பெயர் தெரியாது. கேட்கவும் இல்லை. வீட்டில் சொல்லும் அந்தச் சொல்லையே எழுதினேன். ஒருநாள் அவர் அந்த எழுத்துகளைத் தொட்டுக் காட்டி என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் “யூ. யுவர் நேம்” என்றேன். அவர் சவர்க்காரத் தூள் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதில் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு போனார்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன்.

“உதை ஏன் இப்ப கிளறுறீர்?” என்றார். “அந்த மனுசி சந்தோசமா இருக்கிறா. இருக்கட்டுமன்.”

“எட்டடி உயரத்திலை தொங்கப்போகுது. வாற சனமெல்லாம் வாசிக்கும்.”

“வாசிக்கிறது எங்கடை சனம் மட்டும்தானே.”

“அதுதானே பிரச்சினை!”

அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். “முதல்லை உம்மடை கொப்பியைப் பாரும். நீர்தான் எழுதினீரோ, வேற ஆரோ? நீர்தானே நாள் நேரம் பிசகாமல் எழுதுற ஆள்.”

பழைய நாட்குறிப்புக் கொப்பியை எடுத்தேன். அந்த நாள் இருந்தது. “சலவை அறைக்கு முறைப்பட்டியல் போட்டேன். எல்லோருக்கும் திருப்தி. சண்டை முடிந்தது.” அவ்வளவுதான். அன்றைய குளிரின் அளவுகூட எழுதியிருந்தேன். அந்தச் சொல் மட்டும் இல்லை. எல்லோருக்கும் திருப்தி என்று எழுதிய பெண்ணை எனக்குக் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது.

பதாகை வெள்ளிக்கிழமை நண்பகல் அச்சுக்குப் போகவேண்டும். ஓவியர் வியாழக்கிழமை மொன்றியலில் இருந்து வருவதாக இருந்தது. பார்க்டேலை விட்டு அடுத்த கோடையிலேயே அங்கே போய், பாடசாலையில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். இந்தக் கண்காட்சிதான் அவருடைய வாழ்க்கையில் முதலாவது. அதைக் கெடுக்கப் போகிறவள் நான். சொல்லாமல் விட்டாலோ, வாசலிலேயே எங்கள் சனம் அவரைப் பார்த்து வாய்க்குள் சிரிக்கும். என்ன சொல்வதென்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் என்னைத்தான் காப்பாற்றின. கிழித்துப் போட்டேன்.

வியாழன் இரண்டு மணிக்கு வாசிப்பு அறையில் அவர் முன்னால் உட்கார்ந்தேன். உயரமானவர், நரைத்த தலைமுடி, மையூறிய விரல்கள். ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

“அந்த நாலு எழுத்தும் உங்கள் பெயர் இல்லை” என்றேன். என்ன சொல் என்பதையும், யார் எப்போது சொல்வார்கள் என்பதையும் ஒன்றும் குறைக்காமல் சொன்னேன்.

அவர் அட்டையைத் தன் பக்கம் திருப்பினார். “அந்தப் பட்டியலை எழுதியது யார்?”

யாரோ என்று சொல்லியிருக்கலாம். நிரூபிக்க ஒருவருமில்லை.

“நான்.”

என் முகத்தை அளவெடுப்பதுபோலப் பார்த்தார். “இரட்டைப் பின்னல்” என்றார். “அந்தக் கட்டடத்தில் என்னோடு பேசிய முதல் ஆள் நீதான். சிரித்துக்கொண்டு சொன்னாய். அந்தச் சிரிப்புக்காகத்தான் அதை ஏழு புத்தகத்திலும் போட்டேன்.”

எழுந்து வெளியே போய்விட்டார். மாடிப்படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு நிமிடம் காத்திருந்தேன். மொன்றியலுக்கே திரும்பிவிட்டார் என்று நினைத்து, பொறுப்பாளரிடம் போய்ச் சொல்ல எழும்பியபோது கதவு திறந்தது.

“ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடை” என்று உட்காராமலே தொடங்கினார். “பல வருடத்துக்கு முந்தி. கடைக்காரருக்கு என் புத்தகத்தைக் காட்டினேன். மனிதரின் முகம் ஒரு மாதிரிப் போனது. ஒன்றும் பேசாமல் இரண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ் கூடப் போட்டுத் தந்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்கு ஒரு ரசிகர் கிடைத்துவிட்டார் என்று!”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

“பரவாயில்லை, சிரி. ரோல்ஸ் நன்றாகத்தான் இருந்தது.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “கோபம் போகவில்லை. அது இருக்கும். ஆனால் எனக்கு நாளைக்கு ஒரு பதாகை போகவேண்டும்.” பென்சிலை என் பக்கம் தள்ளினார். “எழுது.”

“உங்கள் அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவார்?” என்று கேட்டேன்.

அவர் சொன்னார். இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். அந்தப் பெயரில் தமிழில் இல்லாத ஓர் ஒலி இருந்தது. எந்த எழுத்து அதற்குக் கிட்ட வரும் என்று நான் எழுதி வாசிக்க, அவர் இல்லை என்று தலையாட்ட, மறுபடி எழுத, நாலாவது முறை “அதுதான்! அம்மா அப்படித்தான் கூப்பிடுவா!” என்று மேசையில் தட்டினார். அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதன்பின் அவர் அதைத் தன் கையால் பதினொரு முறை எழுதிப் பழகினார். சுழியெல்லாம் என் எழுத்தைவிட வடிவு.

பொறுப்பாளருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. தமிழ் எழுத்தையே எடுத்துவிடலாம், பழைய அட்டைகளையும் மறைத்துவிடலாம் என்றார்.

“ஒன்றையும் மறைக்கக்கூடாது” என்றார் ஓவியர். “ஆய்வு நூலகம்தானே இது? பழைய புத்தகத்தில் பழையது இருக்கட்டும். பதாகையில் என் பெயர். நடந்ததை இவள் எழுதவேண்டும், இரண்டு மொழியிலும். கீழே தன் பெயரையும் போடவேண்டும்.”

போட்டேன். வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு, நண்பகலுக்கு இருபது நிமிடம் இருக்க, புதிய எழுத்துடன் பதாகை அச்சுக்குப் போனது.

பெப்ரவரி முதலாவது சனிக்கிழமை, பனி கொட்டியும் மண்டபம் நிறைந்துவிட்டது. கரீபியன் தீவுகளின் ஸ்டீல் மேளம் வாசித்தார்கள். அந்த ரயில் தொழிலாளியின் ஓவியத்தை ஆளுயரத்துக்குப் பெருப்பித்திருந்தார்கள். தன் தகப்பனும் அந்த வேலைதான் செய்தவர் என்று சொல்லி, ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார். தமிழர் செறிந்து வாழும் மோர்னிங்சைட், மில்லிக்கன் பக்கத்திலிருந்து எங்கள் ஆட்களும் வந்திருந்தார்கள். வாசலில் தமிழ் எழுத்தைக் கண்டு பூரித்துப்போய் உள்ளே வந்தவர்கள், கண்ணாடிப் பெட்டியின் முன்னால் என் குறிப்பை இரண்டாம் முறையும் வாசித்தார்கள்.

ஒரு அண்ணை என்னைத் தேடி வந்தார். “தங்கச்சி, உது நாங்கள் எல்லாரும் சொன்ன சொல்லுத்தானே. நீர் ஏன் உம்மடை பேரைப் போட்டனீர்?”

“எழுதினது நான்தானே, அண்ணை.”

“ஓம்” என்றார். பிறகு, “அந்தக் கட்டடத்திலை நானும் இருந்தனான், ஒன்பதாம் மாடி” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கையொப்பம் வாங்கும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

ஓவியர் புதிதாக எட்டாவது புத்தகம் ஒன்று வரைந்து கொண்டுவந்திருந்தார். சலவை அறைக் கதை. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெட்டை அதில் அடிமட்டத்துடன் நிற்கிறாள். மூக்கைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தார். கேட்டேன். “அளவு சரி” என்றார். “நீ மட்டும்தான் சரியாக எழுதுவாயா?”

அண்ணையின் முறை வந்தது. ஓவியர் அட்டையில் தமிழில் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அண்ணை கண்ணாடியை மூக்கில் ஏற்றி அதை எழுத்துக்கூட்டி உரத்து வாசித்தார். பின்னால் நின்ற எங்கள் ஆட்களும் வாசித்தார்கள். மேளக்காரப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு தாளத்தில் போட்டார்கள். ஒரு நிமிடத்தில் மண்டபம் முழுவதும், ஜமெய்க்காக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் ஒன்றாக, அவருடைய தாய் கூப்பிட்டது போலவே அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டியது. அவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். எண்பது பிரதிகள் கொண்டுவந்தவர், ஒன்றுகூட இல்லாமல் திரும்பிப் போனார்.

திங்கட்கிழமை நூலகப் பட்டியலில் ‘அலங்காரக் குறி’ என்றிருந்த பதிவைத் திருத்தினேன். சரியாக எழுதுவதென்றால் நாளும் நேரமும் பிசகாமல் எழுதுவது என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒரு மனிதரைச் சரியாக எழுதவேண்டுமானால் முதலில் அவரிடம் போய்க் கேட்கவேண்டும் என்பது எனக்கு ஐம்பத்தாறு வயதில்தான் பழகியது, ஆனாலும் பழகியதே என்று இன்றும் தலை நிமிர்ந்து சொல்கிறேன்.