ஆகாத அளவு

என்னைப் பார்த்து யாராவது "பாவம்" என்றால் எனக்குச் சுர்ரென்று வரும். இன்றைக்கும் அப்படித்தான். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலை எடுத்துக்கொண்டது. நாக்கை விட்டுவிட்டுப் போனது ஊராரின் போதாத காலம். காரைக்குடியில் எங்கள் தெருவில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு.

அறுபதுகளின் கடைசியில் நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். கணக்கில் பள்ளிக்கே முதல். அதுவரை அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவேன். வாசலில் இறங்கி, சுவரைப் பிடித்து, முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி வகுப்புக்குள் நடப்பேன். மாடியில்லாத பள்ளிக்கூடம் என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை. கல்லூரியில் பி.யூ.சி. சேர மனுப் போட்டபோதுதான் வினை வந்தது. நான் கேட்ட பிரிவுக்கு வகுப்பும் லேபும் மாடியில் இருந்தன.

கல்லூரி முதல்வர் நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். "பொண்ணு படியில விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது? தானா ஏறி இறங்குறதை என் கண்ணால பாத்தா சீட்டுத் தர்றேன். இல்லேன்னா முடியாது" என்று எங்கள் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டார். மாடி இறங்கி வராது, நீதான் ஏறி வர வேண்டும் என்பது அந்தக் காலத்து நியாயம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கு வீட்டில் யாரும் என் பக்கத்திலேயே வரவில்லை.

தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். எடுத்த காரியத்தை லேசில் விடுகிறவர் இல்லை. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, கால் வழங்காதவர்களுக்குக் காலிப்பர் என்கிற இரும்புச் சட்டத்தைக் காலில் மாட்டி அனுப்பும். அதன்பின் அவர்கள் எங்கே நடந்து போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஊனமுற்றோருக்கென்று ஒரு பிரிவு இருந்தது. பெயரைப் பதிந்துகொள்வதோடு சரி. கல்லூரியோ வாசலில் நின்றுகொண்டு, ஏறி வா, பார்க்கலாம் என்றது. இந்த மூன்று இடத்துக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. பெரிய டீச்சர் மூவரையும் ஒரு சனிக்கிழமை தம் அறைக்கு வரவழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் காலிப்பர் செய்கிறவருக்குக் கோவிலூரில் மாமனார் வீடு. அங்கே விருந்துக்கு வந்திருந்தவரை, சாப்பிட்ட கை காய்வதற்குள் அழைத்து வந்திருந்தார்.

நானும் அப்பாவும் ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முதல்வர் படியைப் பற்றிப் பேசினார். காலிப்பர்காரர் இரும்பைப் பற்றிப் பேசினார். வேலைவாய்ப்பு அதிகாரி, "காலேஜெல்லாம் எதுக்கு? டைப் ரைட்டிங் படிச்சா சீக்கிரம் ஒரு வேலைக்கு அனுப்பலாம்" என்றார். என் கால் வேறு எங்கேயோ வைத்துவிட்டு வந்த பொருள் என்பதுபோல் பேச்சுப் போய்க்கொண்டிருந்தது.

"சார், காலு எங்கிட்டத்தான் இருக்கு. என்னையவும் ஒரு வார்த்த கேளுங்க" என்றேன்.

அப்பா என் கையைக் கிள்ளினார். பெரிய டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். காலிப்பர்காரர் மட்டும் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, "சொல்லும்மா. எந்த இடத்துல தடுமாறுது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து என் காலைப் பற்றி என்னிடமே கேட்ட முதல் ஆள் அவர்தான். சொன்னேன். மணிக்கணக்காகச் சொன்னேன் என்று அப்பா பிற்காலத்தில் கேலி செய்வார்.

கூட்டம் முடியும்போது ஆளுக்கொரு வேலை பிரிந்திருந்தது. காலிப்பர் ஆஸ்பத்திரி பொறுப்பு. டைப் ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிடுவது அதிகாரி பொறுப்பு. காலேஜா டைப்பா என்று கேட்டதற்கு, "ரெண்டும்" என்றேன். கல்லூரி திறப்பதற்கு முன் ஒரு நாள் நான் படியேறிக் காட்ட வேண்டும். அக்குளில் கொடுத்து நடக்கும் கட்டைகள் ஆஸ்பத்திரியிலிருந்து வர மாசக்கணக்காகும் என்றதும் அப்பா எழுந்தார்.

"அளவ மட்டும் சொல்லுங்க. நான் செஞ்சுக்கிர்றேன்."

அப்பாவுக்குத் தச்சு வேலை. கண்டனூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கெல்லாம் நிலையும் கதவும் கட்டிலும் செய்தவர். காலிப்பர்காரர் என்னை நிற்க வைத்து டேப் பிடித்து அளவு சொன்னார். அப்பா அதை முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்தார்.

கட்டை என்றா சொன்னேன்? தேக்கில் இழைத்து, கைப்பிடியைக் கடைந்து, தோள் பக்கத்தில் ஒரு தாமரை மொட்டுச் செதுக்கி, அடியில் பித்தளைப் பூண் போட்டிருந்தார் அப்பா. கோயில் வாகனத்துக்குக்கூட அப்படி வேலைப்பாடு இருக்காது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காலிப்பரையும் மாட்டி நடந்தால் தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றன. அக்குளில் தோல் உரிந்தது.

"வலிக்குதுப்பா."

"புதுசுல அப்படித்தான் இருக்கும் தாயி. பழகப் பழகச் சரியாப் போகும்."

பழகினேன். பழகிப் பழகித்தான் முதல்வர் குறித்த நாளில் கல்லூரிப் படியில் ஏறினேன். தொடக்கத்திலேயே பித்தளைப் பூண் கல்லில் வழுக்கி, எல்லார் கண் முன்னாலும் இடுப்பில் அடிபட விழுந்தேன். முதல்வர் முகம் வெளுத்து ஓடி வந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவர் சொன்னது இடுப்பைவிட வலித்தது. "டைப்பு மட்டும் போதும்மா" என்று அதிகாரி ஆறுதல் சொன்னது அதைவிட வலித்தது. பெரிய டீச்சர், "கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கு. இன்னொரு தரம் பாக்காம நீங்க முடிவு சொல்லக் கூடாது" என்று முதல்வரிடம் பிடிவாதமாக வாக்கு வாங்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் மதுரைக்குப் பஸ் ஏற்றித் தாமும் ஏறினார்.

ஆஸ்பத்திரிப் பட்டறையில் காலிப்பர்காரர் கட்டையை வாங்கி, தாமரை மொட்டைத் தடவிப் பார்த்து, டேப்பை வைத்தார். நிமிர்ந்தார்.

"நான் சொன்ன அளவு இது இல்லையே. ரெண்டு விரக்கடை கூட இருக்கே. யாரு கூட்டுனது?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் வீடுகளில் நிலையோ கதவோ கட்டிலோ எதைச் செய்தாலும் நல்ல அளவு, ஆகாத அளவு என்று ஒரு கணக்கு உண்டு. அளவு ஆகாததில் விழுந்தால், கூட்டியோ குறைத்தோ நல்லதில் கொண்டுவந்து நிறுத்தாமல் உளியைத் தொட மாட்டார்கள். என் அக்குளுக்கும் தரைக்கும் இடையில் இருந்த தூரம் ஆகாத அளவில் விழுந்திருக்கிறது. அப்பா கட்டிலுக்குச் செய்வதைக் கட்டைக்கும் செய்துவிட்டார்.

"ஐயா, பெரியவரே, அந்த ரெண்டு விரக்கடைய அறுத்துருங்க. இது உடம்போட அளவு" என்றார் காலிப்பர்காரர்.

"ஊராருக்குன்னா அறுத்துருவேன். எம்புள்ளைக்கு ஆகாத அளவுல ஒரு சாமானச் செஞ்சு கையில குடுக்க மாட்டேன்" என்றார் அப்பா. ஏற்கெனவே ஒரு கால் போன பிள்ளை. இன்னொரு கெடுதல் தம் கையால் வந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. என்னால் கோபப்பட முடியாத சமயங்கள் ரொம்பக் கொஞ்சம்.

ஆனால் சீட்டுப் போய்விடுமே. மனசு கணக்குப் போட ஆரம்பித்தது.

"அதுக்குக் கீழ நல்ல அளவு எதுப்பா?"

சொன்னார். ஆஸ்பத்திரி அளவுக்கு ஒரு விரற்கடை குறைவு.

"சார், பூணைக் கழட்டிட்டு அடியில என்ன மாட்டுவீக?"

காலிப்பர்காரர் மேசை இழுப்பறையிலிருந்து கறுப்பு ரப்பர் புஷ் ஒன்றை எடுத்துக் காட்டினார். அடித்தட்டின் கனம் பார்த்தால், கிட்டத்தட்ட ஒரு விரற்கடை.

"அப்ப மரம் எங்க அப்பா கணக்குல இருக்கட்டும். ரப்பரு உங்க கணக்குல இருக்கட்டும். மொத்தம் எனக்குச் சரியா இருக்கும்" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா ரப்பரை வாங்கி, அமுக்கிப் பார்த்து, "ரப்பருக்கு நல்லது கெட்டது பாக்குறதில்லதான்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பெரிய டீச்சர் அதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அந்தப் பட்டறை ரம்பத்தையே வாங்கி, பல் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டே, அப்பா அங்கேயே அறுத்தார்.

அடுத்த முறை கல்லூரிக்குப் போனபோது தோள் இறங்கி அதனதன் இடத்தில் இருந்தது. முதல்வர் படிக்குக் கீழே நின்றார். வர வேண்டிய அவசியமே இல்லாத அதிகாரியும் வந்திருந்தார். அப்பா சைக்கிளைப் பிடித்தபடி வேறு பக்கம் திரும்பி நின்றார். நல்ல காலை வைத்தேன், கட்டைகளைத் தூக்கி வைத்தேன். ரப்பர் கல்லைக் கவ்விக்கொண்டது. மறுபடி கால், மறுபடி கட்டை. மேலே போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். காரைக்குடி ஓட்டுக் கூரைகளெல்லாம் எனக்குக் கீழே தெரிந்தன. அவ்வளவு உயரத்தில் அதுவரை நான் நின்றதே இல்லை. பெருமையாக இருந்தது. இப்போது எழுதும்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

இறங்கி வந்ததும் முதல்வர், மாடி வகுப்பும் லேபும் அடுத்தடுத்து வருகிற மாதிரி டைம் டேபிளைத் தாமே மாற்றிப் போடுவதாகச் சொன்னார். "ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏறினாப் போதும்மா" என்றார். பயந்த மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர்.

பி.யூ.சி., அதன்மேல் பட்டம், சாயங்காலங்களில் டைப். எழுபதுகளின் நடுவில் அதே வேலைவாய்ப்பு அலுவலகத்தில், அதே பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. பெயரைப் பதிந்து அனுப்பிவிடுகிற பழக்கத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை. யார் வந்தாலும் பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி மூன்று பேரையும் பிடித்து ஒரே மேசையில் உட்கார வைப்பேன். முதல் நாற்காலி வந்த பிள்ளைக்கு. நச்சரிப்புத் தாங்கவில்லை என்று என்னைப் பற்றிச் சொன்னவர்கள் உண்டு. பெரிய டீச்சரைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள்.

அப்படி நெற்குப்பையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்லூரி சேர வேண்டும், கட்டை இல்லை. அளவை வாங்கி வந்து அப்பாவிடம் கொடுத்தேன். மறுநாள் அலுவலகம் விட்டு வந்தபோது அவர் இழைத்துக்கொண்டிருந்தார்.

"அளவு பாத்தீகளாப்பா?"

"ரப்பரும் சேத்து ஆஸ்பத்திரியில சொன்ன அளவுதான். பொட்டுக் கூட்டல, குறைக்கல."

"நல்ல அளவான்னு பாக்கலையா?"

அவர் இழைப்புளியை நிறுத்தவில்லை. "ஒன்னைய வேலைக்கி அனுப்புனது ஆஸ்பத்திரி அளவுதானே தாயி. அதுக்கு மேல நல்ல அளவ நான் எங்குட்டுப் போயித் தேட?" என்றார்.

பிறகு மரத்தூளைத் தட்டிவிட்டு, புஷ்ஷை மாட்டச் சொல்லிக் கட்டையை என்னிடம் நீட்டினார்.