லிதாரா கேட்காமல் விட்ட கேள்வி

என் அக்கா லிதாராவுக்குப் பயமே கிடையாது என்று எங்கள் தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புயலடித்த வருஷம் மருந்தகத்தின் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு போனபோது, தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தவள் அவள். ஆனால் அவளுக்கு ஒரு பயம் உண்டு. அது எனக்கும், மருந்தகத்துக்குப் பொறுப்பான வாயோலாவுக்கும் மட்டும் தெரியும்.

டாக்டர் இல்லாத அந்த மருந்தகத்தில் அக்கா பிராக்டிகல் நர்ஸ். ஒரு வருஷப் படிப்பு, பதினாறு வருஷ வேலை. ரத்த அழுத்தம் அளப்பாள், ஊசி போடுவாள், கட்டுக் கட்டுவாள், அழுகிற குழந்தையைச் சிரிக்க வைப்பாள். ஆனால் வந்தவருக்கு என்ன நோய், எவ்வளவு அவசரம் என்று முதலில் பார்த்து முடிவு கட்டுவது பதிவு பெற்ற நர்ஸின் வேலை. அதாவது வாயோலாவின் வேலை. அந்த இடம் வரும்போதெல்லாம் அக்காவிடம் தயாராக ஒரு வாக்கியம் இருந்தது: "சிஸ்டர் வரட்டும்." பதினாறு வருஷம் அந்த வாக்கியத்துக்குக் கீழேதான் குடியிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஹவாயிலிருந்து அதோடு வந்து இறங்கிய அன்று ஊரே பன்றி சுட்டது. சட்டம் போட்ட அந்தக் காகிதம் திருச்சபைக் காலண்டருக்கு மேலே தொங்குகிறது. எனக்கு அதில் பெருமைதான், மறைக்க மாட்டேன். அந்தப் பெருமையில்தான் அக்காவை மேலே படிக்கச் சொல்லி அரித்துக்கொண்டே இருந்தேன்.

"ரெண்டு வருஷம்தானேக்கா? படிச்சு முடிச்சா நீயும் சிஸ்டர்."

"ஆமாண்டா ஃபெரெட்டி. அப்புறம் ஒருத்தர் செத்தா யாரு பேரு போட்டு எழுதுவாங்க? சிஸ்டர் லிதாரான்னு."

"யாரும் சாக மாட்டாங்க."

"நீ தவளையை அறுத்துக் காட்டி உயிரியல் சொல்லிக் கொடுக்கற ஆளு. தவளை வீட்டுக்காரங்க யாரும் உன்னைக் கேள்வி கேக்க மாட்டாங்க."

அதற்கு மேல் பேச முடியாது.

என் மனைவி மசீனாவுக்குப் பெரிய தீவின் மருத்துவமனையில்தான் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் பக்கத்தில் எட்டாம் மாதமே அங்கே அனுப்பிவிடுவார்கள். ஒன்பதாம் நாள் சின்ன விமானத்தில் தாயும் பிள்ளையும் வந்து இறங்கினார்கள். அம்மா சபைக் கூட்டத்துக்காகப் பெரிய தீவிலேயே தங்கிவிட்டாள். அக்கா வீடு தனி; எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் சபை மண்டபத்தைக் கழுவப் போயிருந்தார்கள். மசீனா பாயிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தாள்.

"மறுபடியும் ரத்தம் போகுது. நிக்க மாட்டேங்குது. லிதாரா அண்ணியைக் கூட்டிட்டு வா."

அவளைத் தூக்கிப் படுக்க வைத்ததில் நான் இடுப்பில் கட்டியிருந்த லாவாலாவாத் துணி முழுக்கக் கறை. கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினேன். அக்கா மட்டும்தான் இருந்தாள். வாயோலா தீவின் மறுகோடிக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தார்.

எங்கள் தீவு வழக்கத்தில் அக்கா தம்பி என்றால் ஒரு எல்லை உண்டு. பத்து வயசுக்கு மேல் ஒரே அறையில் படுக்க மாட்டோம். கூட்டத்தில் யாராவது பச்சையாக ஒரு ஜோக்கை ஆரம்பித்தால், "டேய், அவன் அக்கா இருக்கா" என்று ஒரு குரல் வரும். ஜோக் அங்கேயே செத்துப்போகும். உடம்பைப் பற்றி, அதுவும் பெண்ணின் உடம்பைப் பற்றி, அவளிடம் நானோ என்னிடம் அவளோ பேசினதே கிடையாது. அப்படி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் இன்னொரு பெண்ணை அனுப்புவோம். அன்று அனுப்ப ஆளில்லை.

"என்னடா, இப்படி மூச்சு வாங்குது?"

"மசீனாவுக்குத் தலை சுத்துது. ரொம்ப அசதியா இருக்கா."

"சாப்பிட்டாளா?"

"கொஞ்சம்."

"ஜுரம்?"

"இல்ல."

"புள்ள பால் குடிக்குதா?"

"குடிக்குது."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வெளியே நின்ற சீமைப்பலா மரத்தைப் பார்த்தேன். அவள் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. வகுப்பில் படம் தொங்கவிட்டு ரத்த ஓட்டம் நடத்துகிறவன் நான். ரத்தம் என்ற அந்த ஒரு சொல்லை அவளிடம் சொல்லவில்லை.

"உப்புக் கரைசல் பொட்டலம் தர்றேன், கலக்கிக் குடு. மூணு மணிக்கு சிஸ்டர் வந்துடுவாங்க. மத்ததை அவங்க கேப்பாங்க."

அவங்க கேட்பாங்க. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மசீனாவின் உதடு சாம்பல் நிறமாகிக் கிடந்தது.

"என்ன சொன்னாங்க?"

"இதைக் கலக்கிக் குடிக்கச் சொன்னா."

"ரத்தம்னு சொன்னியா?"

நான் பொட்டலத்தைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லலையா? வாத்தியாரே, உன் பட்டத்தைக் கழட்டி எனக்குக் கீழே விரி. அதுக்காவது ஆகட்டும்."

அவள் எப்போதும் இப்படித்தான் பேசுவாள். ஆனால் அன்று வாக்கியத்தின் பாதியில் கண் செருகிவிட்டது. கன்னத்தைத் தட்டினேன், திறந்தாள். குழந்தை கத்தியது. அதை எடுக்க எழுந்தால் இவள் கண் மூடுகிறது. இவளிடம் வந்தால் அது நீலமாகிற மாதிரி கத்துகிறது. துணி மாற்றினேன். மறுபடி மாற்றினேன். விட்டுவிட்டுப் போனால் திரும்பும்போது இருப்பாளா என்று தெரியாமல் வாசலுக்கும் பாய்க்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் வண்டிச் சத்தம். அக்கா. மருந்தகத்தைப் பூட்டிவிட்டு, வழியில் போன மீன் வண்டியை மறித்து ஏறி வந்திருந்தாள். பின்னால் அவளே சொன்னாள்: நான் போனதும் மருந்து அலமாரியைத் துடைத்தாளாம். வாயோலாவுக்கு இரண்டு முறை போன் போட்டாளாம், கிடைக்கவில்லை. மறுபடி அலமாரியைத் துடைத்தாளாம். சனிக்கிழமை மத்தியானம் இவன் ஏன் சபைக்குக் கட்டும் லாவாலாவாவோடு வந்தான் என்று அப்போதுதான் உறைத்ததாம். தினமும் கட்டுகிற துணிக்கு என்ன ஆச்சு?

வாசல்படியில், எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி கேட்டாள்.

"தம்பி. ரத்தம் போகுதா?"

"போகுது."

"எத்தனை துணி நனைஞ்சுது?"

"நாலு."

அதற்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பவில்லை. மீன்காரரும் நானும் மசீனாவைப் பாயோடு தூக்கி வண்டியில் வைத்தோம். மருந்தகத்தில் நான் திரைக்கு இந்தப் பக்கம், குழந்தையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றேன். கேட்டதெல்லாம் குரல்கள்தான். போன் ஸ்பீக்கரில் வாயோலா ஒருவழியாகக் கிடைத்துவிட்டார்.

"நாடி?"

"நூத்தி முப்பத்தாறு, சிஸ்டர்."

"பிரஷர்?"

"எண்பத்து ரெண்டுக்கு நாப்பத்தெட்டு. கையில லைன் போட்டு சலைன் ஓடுது."

"நல்லது. நீ என்ன நினைக்கிறே?"

சொட்டு மருந்துக் கம்பி லேசாக ஆடுகிற சத்தம் மட்டும்.

"சிஸ்டர், நீங்க வந்து பாத்து..."

"பாதையில பாறை சரிஞ்சு கிடக்கு. வண்டியை விட்டுட்டு ஏறி நடந்து வரணும், நாப்பது நிமிஷம் ஆகும். பெரிய தீவு டாக்டர் இன்னொரு லைன்ல நிக்கிறார். அங்க இருக்கறது உன் கைதான். வயித்துல வெச்சுப் பாத்து சொல்லு."

நான் குழந்தையின் தலையில் மூக்கை அழுத்திக்கொண்டேன். அக்கா பேசியபோது அது அவள் குரல் மாதிரியே இல்லை. வறண்டு, துண்டு துண்டாக வந்தது.

"கர்ப்பப்பை பெருசா இருக்கு. பன்னெண்டு நாளுக்கு இவ்வளவு இருக்கக் கூடாது. மெத்துன்னு இருக்கு, சுருங்கலை. நஞ்சுக்கொடி துண்டு உள்ள நின்னுபோச்சுன்னு நினைக்கிறேன்."

"சரி. அதைத்தான் டாக்டர்கிட்ட சொல்லப்போறேன். கர்ப்பப்பை சுருங்கற ஊசி மருந்தை எடுத்து வை."

டாக்டர் உத்தரவு வந்து அக்கா ஊசி போட்டாள். முழங்கால் வரை சேறோடு வாயோலா வந்து சேர்ந்தபோது மசீனாவின் கை சில்லென்றுதான் இருந்தது. ஆனால் பேச்சு இருந்தது. பொழுது சாய்வதற்குள் விமானம் வந்தது. பெரிய தீவில் அந்தத் துண்டை எடுத்து, மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அக்கா நினைத்ததேதான்.

ஊரில் அக்காவை எல்லோரும் புகழ்ந்தார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பதிவேட்டில் அவளே எழுதிவைத்திருந்தது இது: "1.10: நோயாளியின் கணவர் வந்தார். தலைசுற்றல் என்றார். ரத்தப்போக்கு பற்றி நான் கேட்கவில்லை. 2.05: வீட்டுக்குச் சென்றேன்."

வாயோலா படித்துவிட்டுச் சொன்னார்: "நடு வரி தேவையில்லையே, லிதாரா."

"நடந்தது அதுதானே, சிஸ்டர்."

மூன்று மாதம் கழித்து ஒரு மாலை, பள்ளிக்கூடத்து மதில் பக்கம் வந்து நின்றாள். கையில் கல்லூரி விண்ணப்பம், ஓரமெல்லாம் கசங்கியிருந்தது.

"ஃபெரெட்டி, பாஸ் ஆகலேன்னா?"

"மறுபடி எழுதலாம்."

"ஆயிட்டா?"

பழைய நானாக இருந்தால் ஏதாவது பெரிதாகச் சொல்லியிருப்பேன்.

"கதவு தட்டுற சத்தம் கேட்டாலே பயமா இருக்குடா. வந்து நிக்கிறவன் எதை மறைக்கிறானோ, எனக்கு எது தெரியலையோன்னு. ஒண்ணு, வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காரணும். இல்ல, என்ன கேக்கணும்னு படிச்சுத் தொலைக்கணும். உக்காந்து பாத்தேன், ரெண்டு நாள். வீட்டுலயும் அந்தச் சத்தம் கேக்குது."

படிவத்தை என்னிடம் நிரப்பித் தரச் சொல்லவில்லை. பேனா மட்டும் வாங்கிக்கொண்டாள்.

கல்லூரியில் இடம் கிடைத்தது; திங்கட்கிழமை படகு. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள், ஒரு தாளோடு. முதல் செய்முறைத் தேர்வில் நோயாளியின் வீட்டாரிடம் கேள்வி கேட்டு எழுத வேண்டுமாம். "உன்னை வெச்சுப் பழகறேன்" என்றாள். முகம் பார்த்துக் கேட்க அவளால் முடியாது. நடுவில் ஒரு பாயைத் தொங்கவிட்டோம். நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்.

"சத்தமாக் கேளுங்க அண்ணி, எனக்கும் கேக்கணும்" என்று அடுப்படியிலிருந்து மசீனா கத்தினாள், இடுப்பில் குழந்தையோடு.

அக்கா தொண்டையைச் செருமினாள். தாளைப் பிரிக்கிற சத்தம் பாய் வழியாகக் கேட்டது.

"பிரசவமாகி எத்தனை நாள்?"

"பன்னெண்டு."

"ரத்தம் போகுதா?"

"போகுது."

"எத்தனை துணி நனைஞ்சுது?"

"ஏழு."

அடுப்படியிலிருந்து மசீனா எட்டிப் பார்த்தாள்.

"அன்னிக்கு நாலுன்னு சொன்னே."

"ஆமா. குறைச்சுச் சொன்னேன்."

பாய்க்கு அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தத் தாளை மறுநாள் பார்த்தேன். அச்சடித்த கேள்விக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் இருந்தது: "மறுபடியும் கேள்."